உறுப்பினர்கள் ஏன் ஒதுங்கி நிற்கிறார்கள்?

உங்கள் ஊர் எழுத்தாளர் வட்டத்தில் நாற்பது பேர் வரை பெயர் கொடுத்திருக்கிறார்கள், மாதக் கூட்டத்துக்கு வருவது எட்டுப் பத்துப் பேர், வேலை பார்ப்பது செயலாளரும் பொருளாளரும் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்களையும் ஈடுபட வைக்க என்ன வழி என்று கேட்கிறீர்கள். தென்மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றில் இலக்கிய வட்டத்தின் செயலாளராக நெடுங்காலம் இருந்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சந்தா கட்டியிருக்கிறார்கள், வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறாமல் இருக்கிறார்கள் என்றால் ஏதோ ஒன்றை எதிர்பார்த்துத்தான் இருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த எதிர்பார்ப்பு ஒன்றே ஒன்றுதான். தான் எழுதியதை ஒருவராவது முழுதாகப் படித்து, படித்ததில் என்ன தோன்றியது என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் அதற்கு ஆள் இல்லை. பத்திரிகைக்கு அனுப்பினால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. முகநூலில் போட்டால் பாதி படித்தவரும் படிக்காதவரும் ஒன்றுபோல ‘அருமை’ என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். இதற்கெல்லாம் மேலாக ஒன்று கிடைக்கும் என்று நம்பித்தான் ஒருவர் எழுத்தாளர் வட்டத்தின் படியேறுகிறார். கிடைக்கவில்லை என்றால் இரண்டு மூன்று கூட்டத்தோடு நின்றுவிடுகிறார்.

நம் ஊர்களில் மாதக் கூட்டம் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்பவர்கள் பேச்சு, வாழ்த்துரை, பொன்னாடை, அதன் பிறகு சிறப்பு விருந்தினர். அவர் பேசி முடிக்கும்போது மணி எட்டு. ‘கவியரங்கத்தில் கலந்துகொள்ள வந்தவர்கள் தலைக்கு இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்’ என்று அறிவிப்பு வரும். இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதிய கவிதையை, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்ட மண்டபத்தில் படித்துவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போகிறார். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதம் அவர் ஏன் வர வேண்டும்? கைதட்ட மட்டுமே வரச் சொன்னால், கைதட்ட நேரம் இருக்கிறவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

எனவே ஈடுபாட்டை வளர்க்க வேண்டும் என்றால் மாதக் கூட்டத்தின் நடுவில் உறுப்பினரின் எழுத்தை வைக்க வேண்டும். மற்ற யோசனைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான். இதைச் செய்யாமல் எத்தனை போட்டி வைத்தாலும், எத்தனை பதவி கொடுத்தாலும் பயன் இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

எப்படி வைப்பது? எங்கள் வட்டத்தில் நாங்கள் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். ஒரு கூட்டத்துக்கு இரண்டு படைப்புகள் மட்டும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஜெராக்ஸ் எடுத்து, வருகிறவர்கள் கைக்குப் போய்விட வேண்டும். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினாலும் போதும்தான், ஆனால் வயதானவர்களும் ஃபோனில் படிக்கப் பழகாதவர்களும் தாளில்தான் படிப்பார்கள். தாளில் படிக்கிறவர் பேனாவால் ஓரத்தில் குறித்தும் வைப்பார். ஒவ்வொரு படைப்புக்கும் இரண்டு பேரை முன்கூட்டியே பெயர் சொல்லி நியமித்துவிடுவோம். அந்த இரண்டு பேர் படித்துவிட்டுத்தான் வர வேண்டும். கூட்டத்தில் கதையை எழுதியவர் வாசிக்க மாட்டார், வேறொருவர் வாசிப்பார். பேச்சு முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் அவருக்கு நேரம் உண்டு.

எழுதியவரே வாசித்தால் குரலாலேயே கதையின் ஓட்டைகளை அடைத்துவிடுவார். இன்னொருவர் வாசிக்கும்போது எங்கே நாக்கு தடுக்குகிறது, எங்கே கேட்பவர்கள் தாளிலிருந்து கண்ணை எடுத்து ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கே தெரிந்துவிடும்.

ஒரு கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜவுளிக்கடையில் பில் போடுகிற ஒரு பெண் எங்கள் உறுப்பினர். எப்போதும் கதவோரத்தில் உட்காருவார், யாரும் எதுவும் கேட்காவிட்டால் பேச மாட்டார். தீபாவளி நேரத்தில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்க்கும் கடைப் பெண்களைப் பற்றி ஒரு கதை எழுதியிருந்தார். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்தப்பட்டதே, அதற்கு முந்தைய காலம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கதையை வாசித்தார். ஒரு நீளமான வாக்கியத்தில் மூச்சு வாங்கி நின்று, மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அந்தப் பெண் தன் தாளில் அந்த இடத்தில் ஒரு கோடு போடுவதைப் பார்த்தேன். வாசித்து முடித்ததும் அந்தத் தபால்காரர் கேட்டார்:

“ஏம்மா, கடை அடைச்ச பெறகு நீங்கள்லாம் எந்த வாசல் வழியா வெளிய வருவீங்க?”

பேசக் கூடாது என்ற விதியை அப்போதைக்குத் தளர்த்தினோம்.

“பின்வாசல் வழியாண்ணே. பையத் தொறந்து காட்டிட்டுத்தான் வரணும்.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

“அத ஏம்மா கதையில வைக்கல?”

“அதெல்லாம் எழுதலாமாண்ணே?”

அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கதை அந்தப் பின்வாசலோடு திரும்பி வந்தது. கடைசிப் பக்கம் முழுக்க மாறியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை. நாங்கள் கேட்காமலேயே, மாதந்தோறும் படைப்புகளை வாங்கி ஜெராக்ஸ் எடுத்து அனுப்பும் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஒருவரை வேலையில் இழுத்துவிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தன் எழுத்து கவனிக்கப்பட்டது என்று தெரிந்த ஒருவர், அடுத்தவர் எழுத்தும் கவனிக்கப்பட வேண்டும் என்று தானாகவே நினைக்கத் தொடங்குகிறார்.

பேசுகிறவர்களுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். ‘நன்றாக இருக்கிறது’, ‘நன்றாக இல்லை’ என்ற இரண்டையும் தடை செய்துவிடுங்கள். எந்த வரியில் மனம் நின்றது, எங்கே புரியவில்லை, கதை முடிந்த பிறகும் தெரிந்துகொள்ள விரும்புவது என்ன என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். படிப்பாளிகள் சிலர் புதியவரின் முதல் கதையை எடுத்துவைத்து உலக இலக்கியத்தோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள். அவர்களை மரியாதையோடு தனியாக அழைத்து, முதல் கதைக்கு இது வேண்டாம் அண்ணா என்று சொல்லிவிட வேண்டும். செயலாளர் செய்ய வேண்டிய வேலைகளில் இது முக்கியமானது. ஒரே ஒரு கடுஞ்சொல்லோடு எழுதுவதையே நிறுத்திவிட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இப்படிச் சேர்ந்து வாசிப்பது நமக்குப் புதிதும் இல்லை. திருநெல்வேலியில் கம்பராமாயண ரசிகர் ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) வீட்டில் நடந்த வட்டத்தொட்டியை நினைத்துப் பாருங்கள். நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து கம்பனைப் பாட்டுப் பாட்டாக வாசித்து அனுபவித்த சபை அது. சென்னையில் 1970-ல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை என்ற அமைப்பு இன்னொரு வழியைக் கண்டது. மாதந்தோறும் பத்திரிகைகளில் வரும் சிறுகதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுப்பார்கள், அவர் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று கூட்டத்தில் சொல்வார். பன்னிரண்டு மாதத் தேர்வுகளும் சேர்ந்து ஒரு தொகுப்பாக வரும். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, படிப்பதே ஒரு பொறுப்பாகிவிடுகிறது என்பதுதான். உங்கள் வட்டத்திலும் எழுதத் தயங்குகிற, ஆனால் நிறையப் படிக்கிற நான்கைந்து பேர் நிச்சயம் இருப்பார்கள். மாதம் ஒருவராக அவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். பெரிய பத்திரிகைகள் எல்லாவற்றையும் படிக்க முடியாது என்றால், அந்த மாதம் வந்த இரண்டு சிற்றிதழ்களை மட்டும் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

எழுத உட்கார்ந்தால் எதைப் பற்றி எழுதுவது என்றே தெரியவில்லை என்பவர்களுக்குச் சிங்கப்பூர்க்காரர்கள் நல்ல வழி காட்டியிருக்கிறார்கள். அங்கே சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் நடத்தும் கதைக்களம் என்ற நிகழ்ச்சியில் கதைக்கான தொடக்க வரிகளைக் கொடுத்து மாணவர்களையும் பெரியவர்களையும் எழுத வைக்கிறார்கள். கவிமாலை என்ற கவிஞர்கள் அமைப்பில் தலைப்புக் கொடுத்து, எழுதி வந்ததைக் கூட்டத்தில் வாசிக்கிறார்கள். ஒரே தலைப்பில் பத்துப் பேர் எழுதினால், தன்னுடையதைப் படித்த கையோடு மற்ற ஒன்பது பேர் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் வந்துவிடும். தலைப்பை மட்டும் ‘அன்பு’, ‘இயற்கை’ என்று வானத்தில் வைக்காதீர்கள். ‘ரேஷன் கடை வரிசை’, ‘விற்றுவிட்ட வீடு’, ‘அப்பாவின் சைக்கிள்’ என்று கைக்கு எட்டும்படி கொடுங்கள். முதல் முறை எழுதுகிறவருக்குக்கூட எழுத ஏதாவது இருக்கும்.

அடுத்தது வேலையைப் பகிர்வது. ‘விழா வேலைகளுக்கு உறுப்பினர்கள் யாராவது முன்வர வேண்டுகிறோம்’ என்று குழுவில் போட்டால் கைகூப்பும் படங்கள்தான் வரும். ‘யாராவது’ என்றால் நம்மைச் சொல்லவில்லை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரையும் தனியாக ஃபோனில் கூப்பிடுங்கள். பெயர் சொல்லி, வேலையைச் சொல்லி, எந்தத் தேதிக்குள் என்றும் சொல்லிக் கேளுங்கள். ‘சார், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நூலகத்தில் சாவி வாங்கி நாலரைக்கு ஹாலைத் திறந்து வைக்க முடியுமா?’ என்று கேட்டால், பத்தில் ஏழு பேர் சரி என்பார்கள். முடியாது என்பவரும் ஏன் முடியாது என்று சொல்வார், அதிலிருந்தும் அவரைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ளலாம். வேலை சின்னதாக இருக்க வேண்டும், ஒரு நாளில் முடிய வேண்டும், முடிந்தது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். ‘இலக்கிய அணிப் பொறுப்பாளர்’ என்று பட்டம் கொடுத்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், அவர் ஆறு மாதம் சங்கடப்பட்டுவிட்டு வராமல் நின்றுவிடுவார்.

இப்படிக் கேட்பதற்கு, யாருக்கு என்ன வரும் என்று தெரிந்திருக்க வேண்டுமே. உறுப்பினர் படிவத்தில் பெயர், முகவரி, ‘படைப்புகள்’ என்ற மூன்று கட்டங்கள் மட்டும் இருக்கின்றன, அதில் என்ன தெரியும்? உட்கார்ந்து பேசினால்தான் ஒருவருக்கு டிடிபி வேலை தெரியும், ஒருவர் நன்றாகப் படம் வரைவார், ஒருவருக்கு அச்சகத்தில் ஆள் பழக்கம், ஒருவர் ஒற்றுப்பிழை கண்ணில் பட்டால் தூங்க மாட்டார் என்பது தெரியவரும். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975-ல் மதுரையில் தொடங்கியது. 2008-ல் அது தன் பெயரில் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டது. பாடுகிறவரும் பறை அடிக்கிறவரும் நாடகம் போடுகிறவரும் எழுதுகிறவரோடு சமமாக உட்கார இடம் வேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. உங்கள் வட்டத்திலும் ‘படைப்பு’ என்பதன் வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

மெய்ப்புப் பார்ப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உறுப்பினர்களில் பலர் சொந்தக் காசில் புத்தகம் போடுகிறார்கள். முந்நூறு பிரதி அச்சிட்டு, பாதி கட்டிலுக்கடியில் கிடக்கும். அட்டையிலேயே எழுத்துப் பிழை இருக்கும். அச்சுக்குப் போகும் முன் இரண்டு உறுப்பினர்கள் முழுப் பிரதியையும் படித்துத் தருவார்கள் என்று உங்கள் வட்டம் ஒரு ஏற்பாடு செய்தால், அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள்கூடத் தேடி வருவார்கள். புத்தகத்துக்கான ஐஎஸ்பிஎன் எண் எப்படி வாங்குவது, நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும்படி நூலகத் துறைக்கு எப்படி விண்ணப்பிப்பது, தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல் பரிசுக்கு எதை அனுப்ப வேண்டும் என்று அனுபவப்பட்டவர்களை வைத்து வருடத்துக்கு ஒரு கூட்டம் நடத்துங்கள். அன்று நாற்காலி போதாமல் போகும்.

வர விரும்பியும் வர முடியாதவர்களைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். பெரும்பாலும் பெண்கள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும் கூட்டம், சமையலையும் பிள்ளைகளையும் பார்க்கிற ஒருவருக்கு முடியவே முடியாத நேரம். பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவருக்கு டவுன் பஸ் போய்விடும். எங்கள் ஊரில் கூட்டத்தை ஞாயிறு மாலையிலிருந்து சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றினோம், லாட்ஜ் மாடி ஹாலை விட்டுவிட்டுக் கிளை நூலகத்துக்கு வந்தோம். அந்த இரண்டு மாற்றத்துக்குப் பிறகுதான் பெண்கள் நிலையாக வரத் தொடங்கினார்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். நேரத்தை நிர்ணயிக்கும் முன் அவர்களைக் கேளுங்கள். கேட்காமலே ‘பெண்கள் ஆர்வம் காட்டுவதில்லை’ என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இடத்துக்கும் கவலைப்பட வேண்டாம். பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு இருக்கிறது. நூலகரோடு சேர்ந்து அதன் பெயரில் கூட்டம் நடத்தினால் வாடகையில்லாத இடமும், அங்கே வந்து படிக்கிற புதிய முகங்களும் கிடைக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிற இளைஞர்கள் முதலில் சத்தம் போடாதீர்கள் என்றுதான் சொல்வார்கள். ஒரு கூட்டத்தில் அவர்களில் ஒருவரைக் கதை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

நேரம் தவறாமைக்குக் காரைக்குடிக் கம்பன் கழகத்தைச் சொல்வார்கள். 1939-ல் சா. கணேசன் தொடங்கிய அந்தக் கழகத்தின் விழா குறித்த நேரத்தில் தொடங்கும் என்பது பேர்பெற்ற வழக்கம். மூன்று மணி என்றால் மூன்று மணிக்கு, வந்திருப்பது நான்கு பேர் என்றாலும், தொடங்குங்கள். தாமதமாக வருகிறவருக்காகக் காத்திருப்பது நேரத்துக்கு வந்தவரை அவமதிப்பது. ஐந்து மணிக்கு முடித்துவிடுங்கள். முடிந்த பிறகு டீக்கடையில் நின்று பேசுவது எத்தனை நேரம் வேண்டுமானாலும் நீளட்டும், அங்கேதான் பாதி நட்பு உருவாகிறது.

பொறுப்புகளைச் சுற்றில் விடுவது பற்றி. இது பலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். தமிழில் ஒற்றை மனிதர்கள் செய்த அரிய காரியங்கள் இருக்கின்றன. சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார், புத்தகங்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தம் முடிதிருத்தும் நிலையத்தில் இருந்துகொண்டே 1966 முதல் ‘மல்லிகை’ இதழைக் கொண்டுவந்தார். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு வட்டத்தை அந்த மாதிரி ஒரே தோளில் ஏற்றிவைக்கக் கூடாது. செயலாளர் எல்லாவற்றையும் தானே செய்துகொண்டிருந்தால், நாம் தொட்டால் அவருக்குப் பிடிக்காது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செயலாளர் மாற வேண்டும். பழைய செயலாளர் அடுத்த ஓராண்டு துணைக்கு நிற்கலாம், ஆனால் மேடையேறக் கூடாது. கூட்டத்தை ஒருங்கிணைப்பவர் ஒவ்வொரு மாதமும் வேறு ஆளாக இருக்கட்டும். கணக்கு நோட்டை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். டீக்கும் வடைக்கும் ஆன செலவு வரை எழுதியிருக்கட்டும். காசு எங்கே போகிறது என்று தெரிந்தால் நூறு ரூபாய் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். பொன்னாடைக்குச் செலவழிப்பதை ஜெராக்ஸுக்குச் செலவழியுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும் அரசியலும் வேண்டாம். அறிவிப்பும் படைப்பும் மட்டும்.

சிறப்பு விருந்தினரே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை. அவர் பேசுவதோடு, உறுப்பினர்கள் எழுதிய இரண்டு கதைகளை முன்பே வாங்கிப் படித்துவிட்டு வந்து அவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் மட்டும் அழையுங்கள். நல்ல எழுத்தாளர்கள் இதை மறுப்பதில்லை. 2022 முதல் மாவட்டந்தோறும் அரசு ஆதரவில் புத்தகத் திருவிழா நடக்கிறது. உங்கள் மாவட்டத்தில் உள்ளூர் எழுத்தாளர்களுக்கு இடம் கேட்டு முன்கூட்டியே மனுக் கொடுங்கள். அங்கே ஆள் மாற்றி ஆள் உட்கார வேண்டியிருக்கும், நாள் ஒன்றுக்கு இரண்டு பேர் என்று பிரித்துக்கொண்டால் கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள்கூட வாசகரிடம் பேசிப் பழகிவிடுவார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், நாற்பது பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடைசியாக எப்போது வந்தார், கடைசியாக என்ன எழுதினார் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறியுங்கள். பல பெயர்களுக்கு எதிரே எழுத ஒன்றும் இருக்காது. அந்தப் பெயர்களிலிருந்து வாரம் மூன்று பேரைக் கூப்பிடுங்கள். கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள், வாக்குமூலம் கேட்பது போல ஆகிவிடும். ‘இப்போ என்ன எழுதிக்கிட்டிருக்கீங்க, ஒண்ணு அனுப்புங்களேன், நான் படிக்கிறேன்’ என்று கேளுங்கள். அனுப்பினால் அன்றே படித்து, ஒரு வரியையாவது குறிப்பிட்டுத் திரும்ப எழுதுங்கள். எழுதுவதை விட்டுவிட்டேன் என்று சொல்கிறவரிடம், அடுத்த கூட்டத்துக்கு வரும் கதையை வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டு ஜெராக்ஸை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்துவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். நாற்பது பேரும் வர மாட்டார்கள், வர வேண்டியதும் இல்லை. பதினெட்டு இருபது பேர் மாறி மாறி வந்து, அதில் பத்துப் பேர் கையில் ஆளுக்கொரு வேலை இருந்தால், நீங்களும் பொருளாளரும் மறுபடி எழுத உட்காரலாம்.